வீடு கைமாறும்போது அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் 'குன்னூரில் தனி வீடு, 3 சென்ட், தண்ணீர் வசதி, உடனே குடியேறலாம்' என்ற மாதிரி விளம்பரங்கள் வாரம் தவறாமல் வருகின்றன. உடனே குடியேறலாம் என்று சொல்லப்படும் வீடுகள் பலவற்றில் இன்னும் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வீடு விலைக்கு வந்திருப்பதே புரோக்கர் ஆள்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போதுதான் அந்தக் குடும்பத்துக்குத் தெரிகிறது. வீடு விற்றால் வாடகைக்கு இருப்பவர் வெளியேறியாக வேண்டும் என்ற எண்ணம் ஊட்டியிலிருந்து கொடைக்கானல் வரை பரவிக் கிடப்பதால் இதை எழுதுகிறோம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 109-ஆம் பிரிவு: குடியிருப்பவர் இருக்கும் வீட்டை ஒருவர் வாங்கினால், விற்றவருக்கு இருந்த உரிமைகள் அவருக்கு வரும், குடியிருப்பவர் விரும்பினால் விற்றவரின் கடமைகளும் அவர் தலையில் ஏறும். ஒப்பந்தத்தில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தால் அந்த எட்டு மாதமும் புது உரிமையாளரையும் கட்டும். பெயர் மட்டுமே மாறுகிறது, வாடகை உறவு முறிவதில்லை. 'விற்றாயிற்று, பத்து நாளில் காலி செய்யுங்கள்' என்பது வேண்டுகோள். கேட்டுக்கொள்ளலாம், கேட்காமலும் இருக்கலாம்.

ஆனாலும் விற்பனையின்போது மக்கள் நஷ்டப்படுகிறார்கள். பெரும்பாலும் அது வீட்டில் இல்லை, பணத்தில். அட்வான்ஸும் ஒத்திப் பணமும் (வாடகை இல்லாமல் குடியிருக்க மொத்தமாகக் கொடுத்துத் திரும்பப் பெறும் தொகை) விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகின்றன. அதனால் கிரயப் பத்திரம் (விற்பனைப் பத்திரம்) பதிவாகும் நாளுக்கு முன்பு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் விரிவாகச் சொல்கிறோம். பதிவுக்குப் பிறகு சொல்லிக் கொடுக்க அதிகம் இல்லை.

அதற்கு முன் குடியிருப்பவர் பக்கத்திலும் இரண்டு தவறான நம்பிக்கைகள் உண்டு, அவற்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டை விற்றால் குடியிருப்பவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது ஒன்று. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய தமிழ்நாட்டில் வாடகை வீட்டுக்கு அப்படி ஒரு முதல் உரிமை கிடையாது. 12 வருடம் இருந்துவிட்டால் வீடு நமக்கே என்பது மற்றொன்று. வாடகை கொடுத்து இருக்கிறவர், அது இன்னொருவர் வீடு என்று ஒப்புக்கொண்டே இருக்கிறார். 40 வருடம் இருந்தாலும் அதனால் உரிமை வராது. டீக்கடை ஆலோசனையை நம்பி இந்த இரண்டையும் வக்கீல் நோட்டீஸுக்குப் பதிலாக எழுதி அனுப்பினால் நமக்கு நியாயம் இருக்கும் இடத்திலும் நம் பேச்சு எடுபடாது.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பது வீடு இருக்கும் எல்லையைப் பொறுத்தது. வாடகை ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தோடு போயிற்று. இது நகர்ப்புறப் பகுதிகளுக்கானது: நகராட்சி, பேரூராட்சி, கன்டோன்மென்ட் எல்லாம் இதில் அடக்கம். குன்னூர் நகராட்சி, கேத்தி பேரூராட்சி, வெலிங்டன் கன்டோன்மென்ட், கொடைக்கானல் நகராட்சி இவற்றுக்குள் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம். கிராம ஊராட்சியில் இருக்கும் வீட்டுக்குச் சொத்து மாற்றுச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும்தான். மலையில் ஒரே தெருவின் மேல் பக்கம் ஒரு எல்லை, கீழ்ப் பக்கம் வேறு எல்லை என்று இருக்கும் இடங்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் வீட்டு வரி ரசீதைக் கேட்டுப் பாருங்கள். தலைப்பில் யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுதான் விடை.

2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர் இந்தப் பொறுப்பில் இருப்பார்; கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள், இணையத்திலும் பதியலாம். '11 மாதத்துக்கு எழுதிவிட்டோம், பதிவு வேண்டாம்' என்பது பழைய கணக்கு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற விதியைத் தாண்டுவதற்காக வந்த வழக்கம் அது; வாடகை அதிகாரியிடம் பதிவது தனி வேலை, 11 மாதத்துக்கும் உண்டு. கவனிக்க வேண்டிய இன்னொன்று, எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தில் இருக்கிறது. வீட்டை விற்க நினைக்கும் உரிமையாளர் 'ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதுப்பிக்க என்ன அவசரம், நாமென்ன அந்நியமா' என்று இழுப்பதன் காரணம் சில நேரம் இதுதான். புதுப்பிக்கச் சொல்லி ஒரு கடிதமாவது அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

காலி செய்யச் சொல்வதற்குச் சட்டம் அடுக்கும் காரணங்களில் 'நான் வீட்டை விற்கப்போகிறேன்' என்பது தனியாக இல்லை. குடியிருப்பவரே காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, அதை நம்பி உரிமையாளர் விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டால், அப்போது அது காரணமாகும். ஆகவே புரோக்கர் கொண்டுவரும் 'சும்மா ஒரு சம்மதக் கடிதம்' சும்மா அல்ல. தேதி, அட்வான்ஸ் திரும்பும் நாள், தொகை இந்த மூன்றும் இல்லாத எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் கதவைச் சாத்திவிடலாம், மரியாதைக் குறைவாகாது.

வாங்கியவர் தனக்குக் குடியிருக்க வேண்டும் என்று கேட்க வழி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அவர் வாடகை நீதிமன்றம் போய் நிரூபித்து ஆணை வாங்க வேண்டும். கிராம ஊராட்சி வீட்டில் மாத வாடகை என்றால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவுப்படி 15 நாள் அறிவிப்பு போதும். பலர் இந்த 15 நாளையே கடைசி நாள் என்று பயந்து பாத்திரம் கட்டத் தொடங்குகிறார்கள். அறிவிப்பு வாடகை உறவை முடிக்கிறது. ஆளை வெளியேற்ற அதற்குப் பிறகும் நீதிமன்ற ஆணை வேண்டும்.

வீட்டைப் பார்க்க ஆள் வருவது அடுத்த தொல்லை. நகர்ப்புறச் சட்டத்தின்படி உரிமையாளர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே காரணத்தையும் நேரத்தையும் எழுத்தில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் நடைமுறையில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள், தப்பில்லை. வாரத்தில் இரண்டு நாள், பகல் 11 முதல் 4 வரை என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதி அனுப்பிவிட்டால் சச்சரவு பாதி குறையும். பனிக்காலத்தில் நாலரைக்கு மேல் இருட்டும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். அப்போது வருகிறவர் சுவர் ஓதத்தையும் பார்க்க மாட்டார், கூரை ஒழுகலையும் பார்க்க மாட்டார். பிறகு 'நல்லா இருந்த வீட்டைக் குடியிருந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள்' என்ற பேச்சு வரும்.

இனி அட்வான்ஸ். நகர்ப்புறச் சட்டம் வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வழக்கத்தில் 50,000, 1 லட்சம் என்று வாங்கப்படுகிறது. பணம் பழைய உரிமையாளர் செலவு செய்து பல வருடம் ஆகியிருக்கும். வீடு விற்கும்போது அவர் 'புது ஓனரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், விலையில் கழித்துவிட்டேன்' என்பார். புது ஓனர் 'எனக்குக் காலி வீடாகத்தான் விற்றார், அட்வான்ஸ் பற்றிப் பேச்சே இல்லை' என்பார். இரண்டுமே உண்மையாக இருக்க முடியாது, ஆனால் இரண்டையும் பொய் என்று நிரூபிக்க உங்கள் கையில் காகிதம் இருக்காது. புது உரிமையாளரைக் கடமைகள் கட்டும் என்ற 109-ஆம் பிரிவை வைத்து வாதாடலாம்தான். 40,000 ரூபாய்க்காக எத்தனை வாய்தா போவது?

பதிவுக்கு முன் மூவரும் கையெழுத்திட்ட ஒரே ஒரு கடிதம் இந்தத் தொல்லையைத் தீர்க்கும். அதில் இருக்க வேண்டியவை: வீட்டின் கதவு எண், விற்பவர், வாங்குபவர், குடியிருப்பவர் பெயர்கள், மாத வாடகை எவ்வளவு, எந்த மாதம் வரை கொடுத்தாயிற்று, அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில், எப்படிக் கொடுக்கப்பட்டது, அதை வாங்குபவர் ஏற்கிறாரா, விற்பவர் பதிவன்றே திருப்புகிறாரா, ஒப்பந்தம் எந்தத் தேதி வரை, அன்றைய மின்மீட்டர் ரீடிங், சப்-மீட்டர் இருந்தால் அதன் ரீடிங், எத்தனை சாவிகள். நீங்கள் வாங்கி மாட்டிய பொருள்களையும் எழுதுங்கள். கீசர், இன்வெர்ட்டர், சின்டெக்ஸ் தொட்டி, அலமாரிப் பலகை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் வாங்குபவர் கண்ணுக்கு வீட்டோடு சேர்ந்தவையாகத் தெரியும். வீடு உங்கள் வசம் இருக்கும் வரை நீங்கள் பொருத்தியதைக் கழற்றிக்கொள்ளலாம், சுவரைப் பழையபடி சரிசெய்து கொடுத்தால் போதும். சாவியைக் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது. கடிதத்தை மூன்று பிரதி எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் ஒத்துழைக்காவிட்டால், இதே விவரங்களை நீங்கள் தனியாக எழுதி இருவருக்கும் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபால் 2025-இல் விரைவு அஞ்சலோடு சேர்க்கப்பட்டுவிட்டது). எதிர்ப்பு வராத கடிதமும் பின்னால் பேசும்.

அட்வான்ஸ் விஷயத்தில் குடியிருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. வீடு விலைக்கு வந்தது தெரிந்ததும் 'அட்வான்ஸில் கழியட்டும்' என்று வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். யோசனை சரிதான், ஆனால் எழுத்தில்லாமல் செய்தால் அது பாக்கி. இரண்டு மாத வாடகை நின்று, கேட்டு நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அதுவே காலி செய்ய வைக்கும் காரணம். அதுவரை காரணமே இல்லாமல் தவித்த உரிமையாளருக்கு நாமே ஒன்றை எடுத்துக் கொடுத்த மாதிரி. கழிப்பதாக இருந்தால் '60,000 அட்வான்ஸ், மாதம் 7,500 வீதம் 8 மாதத்துக்கு, இந்த மாதம் முதல் அந்த மாதம் வரை கழிக்கப்படும்' என்று உரிமையாளர் கையெழுத்தோடு வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறான வலையும் விரிக்கப்படுகிறது. 'ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், 500 குறைத்துக்கொள்கிறேன்' என்று விற்கப்போகிறவர் கேட்பார். வாடகைக் கெடு வருவதற்கு முன்பே கொடுத்த பணம் வாடகையாகவே கருதப்படாமல், பழைய உரிமையாளருக்குக் கொடுத்த கடனாகப் போய்விடும் அபாயம் இருக்கிறது. புது உரிமையாளர் திரும்பக் கேட்டால் இரட்டைச் செலவு.

காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் செய்வது மலையில் தனிக் கதை. தென்மேற்குப் பருவம் முடிந்தால் ஊட்டி, கூடலூர் வீடுகளில், வடகிழக்கு முடிந்தால் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வீடுகளில், வடக்குப் பார்த்த சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை ஏறும். அதைக் காட்டி 'பெயின்ட் செலவு 25,000' என்று கழிப்பார்கள். ஓதம் கட்டடத்தின் குற்றம்: சரிவைப் பார்த்த சுவரில் மண் அணைந்திருப்பது, கூரைத் தகரம் நகர்ந்திருப்பது, வெளிப் பூச்சு விரிந்திருப்பது. வெள்ளையடிப்பு, சுவர்-கதவு பெயின்ட், குழாய் மாற்றுதல், வயரிங் இவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், அடைப்பு எடுப்பது நம் பொறுப்பு. சாதாரணப் புழக்கத் தேய்மானத்துக்குப் பிடித்தம் செய்ய இடமில்லை. சாவி கொடுக்கும் நாளன்று ஒவ்வொரு அறையையும் பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். முடிந்தால் குடிவந்த நாளிலும் எடுத்திருக்க வேண்டும். சட்டப்படி பாக்கி அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும்.

விற்ற பிறகு வாடகையை யாரிடம் கொடுப்பது? முன்பின் தெரியாத ஒருவர் 'நான்தான் புது ஓனர், இந்த ஜிபே எண்ணுக்குப் போடுங்கள்' என்றால் போட்டுவிடாதீர்கள். கிரயப் பத்திர எண்ணும் பதிவான அலுவலகமும் கேளுங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண் போட்டால் கடைசிப் பதிவு யார் பெயரில் என்பது வந்துவிடும். பழைய உரிமையாளரிடமிருந்து 'இன்ன தேதி முதல் இவரிடம் கொடுங்கள்' என்று ஒரு வரியும் வாங்குங்கள். விற்பனை நடந்தது தெரியாமல் பழையவருக்கே நல்ல எண்ணத்தில் கொடுத்திருந்தால் அதை இன்னொரு முறை கொடுக்க வேண்டியதில்லை என்று 109-ஆம் பிரிவே காப்பாற்றுகிறது. ஆனால் தெரிந்த பிறகு கொடுத்தால் அந்தக் காப்பு இல்லை. அண்ணன் தம்பிகள் சண்டையில் விற்ற வீடு, இரண்டு பேர் வாடகை கேட்கிறார்கள் என்றால் நகர்ப்புறத்தில் வாடகை அதிகாரியிடம் கட்டிவிட வழி இருக்கிறது. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

மாத நடுவில் பதிவானால் கணக்கு நாள் வீதம். ஜூன் வாடகை 9,000, பத்திரம் 12-ஆம் தேதி என்றால் நாளுக்கு 300. முதல் 11 நாளுக்கு 3,300 விற்றவருக்கு, 5,700 வாங்கியவருக்கு. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் அவர்களுக்குள் தீர வேண்டிய கணக்கு இது. மூவர் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் நாம் இரண்டு பேரிடமும் வசவு வாங்க வேண்டியதில்லை. விற்பனைக்கு முந்தைய பாக்கி வாடகையைப் புது உரிமையாளர் கேட்க முடியாது, அது பழையவருக்குச் சேர வேண்டியது.

ஒத்திக்கு வருவோம். இங்கேதான் லட்சக்கணக்கில் போகிறது. வாடகை இல்லை, வட்டி இல்லை. 4 லட்சம் கொடுத்து மூன்று வருடம் குடியிருந்து, போகும்போது பணத்தைத் திரும்பப் பெறுவது. 'லீசுக்கு இருக்கிறோம்', 'போக்கியத்துக்கு இருக்கிறோம்' என்று சொல்வதும் இதையே. சட்டத்தின் கண்ணில் இது வாடகை அல்ல, சுவாதீனத்தோடு, அதாவது வீட்டைக் கையில் ஒப்படைத்து, செய்யும் அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் பதிவு செய்யப்பட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு. நடைமுறையில் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் பயந்து ஒரு முத்திரைத் தாளில் எழுதி, கீழே 'லீஸ் அக்ரிமென்ட்' என்று போட்டு, நோட்டரி முத்திரை குத்தி முடித்துவிடுகிறார்கள். நோட்டரி முத்திரை பதிவு ஆகாது.

பதிவான ஒத்தி வில்லங்கச் சான்றில் வரும். வாங்குபவர் அதைத் தீர்க்காமல் நகர முடியாது. பணம் வரும் வரை நீங்கள் வீட்டில் இருக்கலாம். பதிவாகாத ஒத்தி வில்லங்கத்தில் வராது. வாங்குபவரின் வக்கீல் 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்து 'சுத்தம்' என்று சொல்லிவிடுவார். வீட்டில் ஆள் இருப்பதே வாங்குபவருக்கு அறிவிப்பு, விசாரிக்காமல் வாங்கியது அவர் குறை என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் விசாரித்தால் கிடைப்பது ஒரு செல்லாத அடமானம் என்றால் அது எவ்வளவு தூரம் தாங்கும்? கடைசியில் அந்த 4 லட்சம் விற்றவர் மேல் உள்ள வெறும் கைமாற்றுக் கடனாகச் சுருங்கிவிடும். அதற்கு வழக்குப் போடக் கெடு மூன்று வருடம். விற்றவர் பணத்தோடு கோவைக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார்.

ஏற்கெனவே பதிவாகாத ஒத்தியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்ட உடனே, விற்பனை ஒப்பந்தம் போடும் முன்பே, வாங்குபவரை நேரில் பார்த்து ஒத்திப் பத்திர நகலையும் பணம் கொடுத்த வங்கிக் கணக்கு விவரத்தையும் காட்டுங்கள். கிரயப் பணத்திலிருந்து உங்கள் தொகை நேராக உங்களுக்கு வர வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாங்குபவர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது காலி வீடு, யாருக்கு எவ்வளவு போகிறது என்பதல்ல. பதிவு நாளன்று இரண்டு டிமாண்ட் டிராஃப்ட்: ஒன்று விற்பவர் பெயரில், ஒன்று உங்கள் பெயரில். ஒத்தி பதிவானது என்றால் முதலில் நீங்கள் மீட்பு ரசீது (ஒத்திப் பணம் தீர்ந்தது என்ற ஆவணம்) எழுதிப் பதிய வேண்டும், அடுத்த டோக்கனில் கிரயம். டிராஃப்ட் கைக்கு வந்த பிறகு ரசீது, ரசீதோடு சாவி. இந்த வரிசை மாறினால்தான் எல்லாக் கேடும். 'நீங்கள் முதலில் காலி செய்யுங்கள், கிரயப் பணம் வந்ததும் தருகிறேன்' என்பதை நம்பிச் சாமானை ஏற்றியவர்கள் தெருவில் நிற்கிறார்கள். அந்தக் கிரயப் பணம் முதலில் விற்பவரின் வங்கிக் கடனுக்குப் போகும், பிறகு பங்காளிகளுக்கு, பிறகு புரோக்கருக்கு. ஒத்திக்காரர் கடைசி வரிசை. ரொக்கமாக வாங்குவதும் வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனையோ டெபாசிட்டையோ ரொக்கத்தில் வாங்குவதையும் திருப்புவதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

உரிமையாளர் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறார் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. விற்பனை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் மூன்று அல்லது ஆறு மாதக் கெடு இருக்கும், அதற்குள் 'காலி சுவாதீனம்' ஒப்படைப்பதாக அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். கெடு தவறினால் வாங்கிய முன்பணம் சிக்கலாகும். அந்தத் தேதி எது என்று நயமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் முடியுமுன் சொந்த விருப்பத்தில் காலி செய்து கொடுப்பது நீங்கள் செய்யும் உதவி. அதற்கு லாரி வாடகை, சுமைக் கூலி, புது வீட்டு அட்வான்ஸுக்கான கால அவகாசம் என்று கேட்பது பேராசை ஆகாது. ரோட்டிலிருந்து 60 படி கீழே இருக்கும் வீட்டுக்குச் சுமைக் கூலி லாரி வாடகையைத் தாண்டிவிடும் என்பது இங்கே வீடு மாறியவர்களுக்குத் தெரியும். தேதி குறிக்கும்போது பள்ளியையும் மழையையும் பாருங்கள். ஏப்ரல், மே சீசனில் வண்டியும் கிடைக்காது, வாடகை வீடும் கிடைக்காது, ஜூனில் மழை, நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும், பிப்ரவரி, மார்ச்சில் பரீட்சை. மலையில் வீடு மாற நல்ல மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் 60 முதல் 90 நாள் கேட்பதே நியாயம்.

பேச்சில் மசியாதவர்களிடம் தண்ணீரை நிறுத்துவார்கள். மோட்டார் ஸ்விட்ச் உரிமையாளர் போர்ஷனில் இருந்தால் இது மிகச் சுலபம். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவது, கழிவுநீர்க் குழாயை அடைப்பது, பழுது பார்க்கிறோம் என்று கூரைத் தகரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் விடுவது எல்லாம் உண்டு. இன்றியமையாத வசதிகளைத் தடுப்பதை 2017 சட்டம் தடைசெய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் விசாரணை முடியும் முன்பே இடைக்கால ஆணை போட அவருக்கு அதிகாரம் உண்டு. பூட்டை உடைத்துச் சாமானை வெளியே வைத்துவிட்டால், 1963-ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டம் 6-ஆம் பிரிவின் கீழ் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அதில் எழாது. கெடு ஆறு மாதம்தான். காவல் நிலையத்தில் 'இது சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிடக்கூடும். அப்படியானாலும் புகாரை எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

வங்கி விற்கும் வீடு வேறு மாதிரி. உரிமையாளர் கடன் கட்டாமல், வங்கி கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டிவிட்டால், மேலே சொன்ன மூவர் கடிதம் உதவாது. அறிவிப்பு வந்த 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். வங்கிகளின் கடன் வசூல் சட்டத்தில் வந்த 2016 திருத்தத்துக்குப் பிறகு குடியிருப்பவரின் வாடகை உரிமையையும் தீர்ப்பாயம் விசாரிக்கலாம். வாடகை உறவு அடமானத்துக்கு முந்தையது என்பதற்குப் பதிவான பத்திரம் இருந்தால் நிற்கும். வாய்மொழி ஏற்பாடு என்றால் அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் பலமில்லை என்பதே 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்.

கூடலூர், தேவர்சோலை, ஓவேலி பக்கத்தில் 'செக்ஷன் 17' நிலத்தில் (உரிமை இன்னும் முடிவாகாத நிலம்) நிற்கும் வீடுகளுக்கு 1969-ஆம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் விட்டுவைத்த சிக்கல் தனி. அங்கே கிரயமே வெள்ளைத் தாளில் நடக்கிறது. வாங்கியதாகச் சொல்பவரிடம் காட்டப் பதிவுப் பத்திரம் இருக்காது. அங்கே ஒத்திக்குப் பெரிய தொகை கொடுக்காமல் இருப்பதே உத்தமம். தேயிலைத் தோட்ட லைன் வீடுகள் (தொழிலாளர் குடியிருப்புகள்) வாடகைக் கணக்கில் வருவதில்லை, எஸ்டேட் கைமாறினால் அது தொழிலாளர் சட்டத்தின் விவகாரம்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. கிரயப் பத்திரத்தில் 'காலி சுவாதீனம் இன்று ஒப்படைக்கப்பட்டது' என்று வழக்கமாக எழுதும் வரி, உள்ளே குடும்பம் இருக்கும்போது பொய். பின்னால் குடியிருப்பவரோடு வழக்கு வந்தால் அந்த வரி உங்களுக்கே எதிராக நிற்கும். 'இன்னார் மாத வாடகை இவ்வளவில், அட்வான்ஸ் இவ்வளவில் குடியிருக்கும் நிலையில்' என்று எழுதினால் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. வீடு பார்க்கப் போகும்போது குடியிருப்பவரிடம் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள்: வாடகையா ஒத்தியா, பணம் எவ்வளவு. உங்கள் விளம்பரப் பகுதியும் 'குடியிருப்பவர் உண்டு' என்ற இரண்டு சொல்லை விற்பனை விளம்பரங்களில் கேட்டு வாங்கிப் போட்டால் நாங்கள் சொன்னதில் பாதி தேவைப்படாது.

குடியிருப்பவரே அந்த வீட்டை வாங்க விரும்பினால், விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது பதிவாக வேண்டிய ஆவணம். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து வாடகை தொடர்கிறதா நிற்கிறதா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் கிரயம் முறியும் அன்று அத்தனை மாத வாடகையும் பாக்கியாக எழுந்து நிற்கும்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் மனைவி பெயரையும் சேர்ப்பது பல வகையில் உதவும். போகும்போது ஒப்பந்த நகல், கடைசி 12 மாத வாடகை வங்கி விவரம், அட்வான்ஸ் கொடுத்த ஆதாரம், அந்த முகவரி உள்ள ரேஷன் கார்டு அல்லது கேஸ் ரசீது, வந்த நோட்டீஸ், அது வந்த உறை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். உறையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கெடு எண்ணத் தொடங்கும் தேதி அதன் மேலுள்ள முத்திரையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பத்திரப் பதிவு, வாடகை வழக்கு வேலைகளோடு பழக்கமுள்ள வாசகர்கள் இருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.